அந்தப் படத்தை எடுத்துவிட்டால் வேகம் வந்துவிடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய கம்ப்யூட்டரை வேகமாக்குவது எப்படி என்று சென்ற வாரம் உங்கள் கணினிப் பக்கத்தில் குறிப்புகள் வெளியாகியிருந்தன. வேண்டாத புரோகிராம்களை நீக்குவது, டெம்ப் ஃபோல்டரைக் காலி செய்வது எல்லாம் சரிதான். ஆனால் நடுவில் ஒரு குறிப்பு: புரோகிராம் திறக்கும்போது திரையின் நடுவில் வந்து போகிற ஸ்பிளாஷ் படம் வெறும் விளம்பரம், அதை நிறுத்திவிட்டால் புரோகிராம் சீக்கிரம் திறக்கும் என்று போட்டிருந்தீர்கள். இதை மறுத்து எழுதாமல் இருக்க முடியவில்லை. ஏனென்றால் அன்று மத்தியானமே ஒரு ஜவுளிக்கடை முதலாளி போனில் வந்துவிட்டார். "ஏனுங்க, பேப்பர்லயே போட்டிருக்காங்க. நம்ம பில்லிங்ல வர்ற படத்த எடுத்துருங்க. காலைல சட்டுனு ஓப்பன் ஆகோணும்."

நான் ஈரோட்டில் பில்லிங் புரோகிராம் எழுதிக் கடைகளுக்குப் போட்டுக்கொடுக்கிறவன். ஜவுளி, மருந்துக்கடை, மஞ்சள் மண்டி என்று எல்லா வகையும் உண்டு. மைக்ரோசாஃப்டின் பழைய நிரல் மொழியான விபி 6 காலத்தில் ஆரம்பித்து, இப்போது அதற்கு அடுத்து வந்த டாட்நெட்டில் எழுதுகிறேன். எழுதுவது பாதி வேலை, பழுது பார்க்கப் போவது மீதி. அந்தப் படத்துக்கு முன்னால் கைகட்டி உட்கார்ந்திருக்கும் கல்லாக்காரர்களை நிறையப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். தாமதத்துக்குக் காரணம் அந்தப் படம் இல்லை. ஏற்கெனவே இருக்கும் தாமதத்தில் நமக்குத் தெரிகிற ஒரே பாகம் அதுதான்.

ஐகானை டபுள் கிளிக் செய்ததும் உள்ளே என்ன நடக்கிறது? விண்டோஸ் முதலில் புரோகிராமின் எக்ஸ்இ கோப்பைத் திறக்கிறது. அதற்கு வேண்டிய டிஎல்எல் என்கிற துணைக் கோப்புகளை ஒவ்வொன்றாகத் தேடி ஏற்றுகிறது. திறக்கிற ஒவ்வொரு கோப்பையும் ஆன்டிவைரஸ் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் விடும். டாட்நெட்டில் எழுதியதாக இருந்தால் அதை ஓட்டுகிற ரன்டைம் என்ற அடிப்படை மென்பொருள் ஏற வேண்டும், நிரல் இயந்திர மொழிக்கு மாற வேண்டும். பிறகு கடையின் அமைப்புகள், பிரின்டர், எழுத்துருக்கள், கடைசியாக டேட்டாபேஸ். பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் நிமிடத்துக்கு 7200 முறை சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு 8 மில்லி செகண்டுக்குக் கொஞ்சம் மேல். அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடக்கும் ஆயிரம் துண்டுகளைப் படிக்க வேண்டியிருந்தால் பத்து செகண்டு அங்கேயே போய்விடும். இதில் படத்தின் பங்கு எவ்வளவு? சில நூறு கேபி உள்ள பிஎன்ஜி ஒன்றைத் திரையில் காட்டுவதற்கு ஆகும் நேரம் மனிதக் கண்ணுக்குப் பிடிபடாது. சிலர் 1920-க்கு 1080 அளவில் 6 எம்பி பிஎம்பி படத்தை அப்படியே செருகி வைப்பார்கள். அதைத் தாராளமாகத் திட்டலாம்.

சோதித்துப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. கடிதம், கணக்கு எழுதப் பயன்படும் இலவச மென்பொருளான லிப்ரே ஆபீஸின் ஷார்ட்கட்டில், கடைசியில் ஓர் இடைவெளி விட்டு, இரண்டு கோடு போட்டு 'நோலோகோ' என்று ஆங்கிலத்தில் சேர்த்துவிட்டால் தொடக்கப் படம் வராது. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டு ஒருமுறை படத்தோடும், மறுபடி அணைத்துப் போட்டு ஒருமுறை படம் இல்லாமலும் கடிகாரம் வைத்துப் பாருங்கள். அணைத்துப் போடுவது முக்கியம். ஒருமுறை திறந்த புரோகிராமை மூடிவிட்டு உடனே மறுபடி திறந்தால், கோப்புகள் ஏற்கெனவே மெமரியில் இருப்பதால் எப்படியும் வேகமாகத்தான் திறக்கும். படத்தை எடுத்ததால்தான் வேகம் வந்தது என்று பலர் நம்புவது இப்படித்தான். அவர்கள் பார்த்தது இரண்டாவது முறை.

இந்தப் படங்களை அலங்காரம் என்று நினைக்கப் பழைய வழக்கமும் ஒரு காரணமாக இருக்கலாம். விண்டோஸ் 95 ஏறும்போது வந்த மேகப் படத்தை மாற்ற ஒரு வழி உண்டு. சி டிரைவில் லோகோ.சிஸ் என்ற பெயரில் 320-க்கு 400 அளவு, 256 வண்ணப் படம் ஒன்றை வைத்துவிட்டால் அதுவே வரும். பெயிண்டில் போய் கம்ப்யூட்டர் சென்டரின் பெயரை எழுதி அதில் போட்டுவைப்பது அந்தக் காலத்தில் ஒரு பெருமை. நானும் போட்டிருக்கிறேன். திரையில் அகலவாக்கில் இழுபட்டு எழுத்தெல்லாம் குண்டாகத் தெரியும்.

சரி, படம் எதற்கு? டீக்கடையில் "ரெண்டு, ஒண்ணு சக்கரை கம்மி" என்று சொன்னதும் மாஸ்டர் திரும்பிப் பார்க்காமலேயே "ரெண்டு, ஒண்ணு கம்மி" என்று சொல்வாரே, அதற்குத்தான். சொன்னது காதில் விழுந்தது என்று தெரிந்தால் நின்றுகொண்டிருக்கலாம். விழவில்லை என்று தோன்றினால் மறுபடி கத்துவோம். கம்ப்யூட்டரில் மறுபடி கத்துவது என்றால் மறுபடி டபுள் கிளிக். கணினிப் பயன்பாட்டை ஆராய்ந்த ஜேக்கப் நீல்சன் மூன்று எல்லைகளைச் சொல்லியிருக்கிறார். 0.1 செகண்டுக்குள் நடந்தால் உடனே நடந்ததாகத் தோன்றும். 1 செகண்டு வரை யோசனை அறுபடாது. 10 செகண்டைத் தாண்டினால் ஆள் வேறு வேலைக்குப் போய்விடுவார். ஹார்ட் டிஸ்க் உள்ள கல்லா கம்ப்யூட்டரில் காலையில் முதல்முறை திறக்கும் பில்லிங் புரோகிராம் கடைசி இரண்டு எல்லைகளுக்கு நடுவில் எங்கோ நிற்கிறது. அந்த இடைவெளியில் திரையில் ஒன்றுமே வரவில்லை என்றால் கல்லாவில் இருப்பவர் மறுபடி தட்டுவார், பிறகு மறுபடியும். கடைசியில் ஒரே புரோகிராம் நாலு தடவை திறந்து, நாலும் ஒரே டிஸ்க்குக்கு அடித்துக்கொண்டு, முதலாவது திறக்க வேண்டியதும் தாமதமாகும். படத்தை எடுத்தால் சீக்கிரம் திறக்கும் என்று எழுதினீர்கள். எங்கள் கடைகளில் நடப்பது இதற்கு நேர் எதிர்.

நாங்கள் நிரல் எழுதும் விஷுவல் ஸ்டுடியோவில் விபி டாட்நெட் புராஜெக்டின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தால், 'ஒரே ஒரு பிரதிதான் திறக்கலாம்' என்பதற்கான டிக் பெட்டியும், ஸ்பிளாஷ் திரை எது என்று தேர்ந்தெடுக்கும் இடமும் ஒரே பக்கத்தில் இருக்கும். இரண்டையும் சேர்த்தே போட வேண்டும் என்று எங்களிடம் வேலை கற்றுக்கொள்ள வரும் பையன்களுக்குச் சொல்வேன்.

அதற்காக எல்லா ஸ்பிளாஷ் திரையும் நல்லது என்று சொல்ல வரவில்லை. மோசமான ஸ்பிளாஷ் திரை எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு மருந்துக்கடையில் நடந்ததைச் சொல்கிறேன். அந்தப் புரோகிராம் நான் எழுதியதல்ல. வேறொரு கம்பெனியுடையது, பெயர் வேண்டாம். பக்கத்துக் கடைக்கு நான் போய்வருவது தெரிந்து கூப்பிட்டார்கள். சாயங்கால நேரம். மருந்துச் சீட்டோடு ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள். கடைக்காரர் ஒரு பக்கம் கையால் பில் எழுதிக்கொண்டே சொல்கிறார்: "படம் வந்துச்சுங்க. வந்தது வந்தபடி நிக்குதுங்க. மூணு தடவ ஆஃப் பண்ணிப் போட்டாச்சு." திரையில் அந்தக் கம்பெனியின் பெயர், பளபளவென்று ஒரு நீலப் படம், அதன் அடியில் 'லோடிங்' என்று மூன்று புள்ளிகள். புள்ளிகள் அசையவில்லை.

ஆல்ட்-டேப் அழுத்திப் பார்த்தேன். பின்னால் சின்னதாக ஒரு பெட்டி இருப்பது தெரிந்தது. விஷயம் இதுதான்: அந்தப் படத்தை 'எல்லா ஜன்னலுக்கும் மேலே நில்' என்று அமைத்திருக்கிறார்கள். படமும் திரைக்கு நடுவில், பிழைச் செய்தி வரும் பெட்டியும் திரைக்கு நடுவில். பெட்டி சின்னது, படம் பெரியது. பெட்டி முழுவதும் படத்துக்கு அடியில் புதைந்துவிட்டது. 'சர்வரோடு இணைய முடியவில்லை, ஓகே அழுத்தவும்' என்று புரோகிராம் சொல்லிவிட்டுக் காத்திருக்கிறது. அது சொல்வதை யாரும் பார்க்க முடியாது. ஸ்பீக்கர் இல்லாத கம்ப்யூட்டர் என்பதால் 'டிங்' சத்தம் கேட்கவும் வழியில்லை. சர்வர் என்பது பின்னறையில் முதலாளி மேசைக்கு அடியில் இருக்கும் இன்னொரு கம்ப்யூட்டர். கடைக்குப் புதிதாக வந்த பையன் பெருக்கும்போது அதன் சுவிட்சை அணைத்திருக்கிறான். சுவிட்சைப் போட்டதும் எல்லாம் சரியாயிற்று. என்டர் சாவியை ஒருமுறை தட்டிவிட்டு, பின்னறையைப் போய்ப் பாருங்கள் என்று போனிலேயே சொல்லி முடித்திருக்கக்கூடிய வேலை. வேலை எல்லாம் முடிந்த பிறகுதான் யோசித்தேன், 'மேலே நில்' என்ற அந்த ஒரு சொத்தை டிக்கை எடுத்திருந்தால் யாருமே என்னைக் கூப்பிட்டிருக்க வேண்டியதில்லை.

இதற்கு அண்ணன் தம்பி மாதிரி இன்னொன்று. டாட்நெட்டில் எஸ்க்யூஎல் சர்வர் என்ற டேட்டாபேஸோடு இணைப்பு கேட்டால், கிடைக்காத பட்சத்தில் அது தானாக 15 செகண்டு வரை காத்திருக்கும். மாற்றி எழுதாவிட்டால் அதுதான் கணக்கு. படத்தை வரைகிற அதே திரெட்டில் (புரோகிராமுக்குள் ஓடும் ஒரு வேலை வரிசை அது) இந்த இணைப்பையும் கேட்டுவைத்தால், அந்த நேரம் முழுக்கப் புரோகிராம் விண்டோஸுக்குப் பதில் சொல்லாது. 5 செகண்டு பதில் வராவிட்டால் விண்டோஸ் அதைத் தொங்கிப்போனதாக முடிவுகட்டிவிடும். ஜன்னல் வெளுத்துப்போகும், தலைப்புப் பட்டை இருந்தால் 'நாட் ரெஸ்பாண்டிங்' என்றும் எழுதிவிடும். கல்லாவில் இருப்பவர் டாஸ்க் மேனேஜரில் போய்க் கொன்றுவிடுவார். விபி 6-இல் இந்தத் தொல்லை இன்னும் அதிகம். படத்தின் ஃபார்மை 'ஷோ' செய்துவிட்டு அடுத்த வரியில் 'ரெஃப்ரெஷ்' போடாவிட்டால் படத்துக்குப் பதில் வெள்ளைச் சதுரம்தான் நிற்கும். டாட்நெட்டின் விபி, ஸ்பிளாஷ் திரையைத் தானாகவே தனித் திரெட்டில் ஓட்டுகிறது என்பது பெரிய உதவி. சி ஷார்ப்பில் எழுதுகிறவர்கள் கையால் எழுதிக்கொள்ள வேண்டும்.

படம் எப்போது வருகிறது என்பதும் முக்கியம். முன்பெல்லாம் ஜாவாவில் எழுதிய டெஸ்க்டாப் புரோகிராம்களில், ஸ்பிளாஷ் திரையையும் ஜாவாவிலேயே எழுதுவார்கள். ஜாவா இயந்திரம் முழுசாக ஏறி முடித்த பிறகுதான் அந்தப் படமே வரும். அதாவது காத்திருப்பின் பெரும்பகுதி முடிந்த பிறகு. 2006-இல் வந்த ஜாவா 6-இல் இதைச் சரிசெய்தார்கள். புரோகிராமின் விவரம் எழுதும் மேனிஃபெஸ்ட் கோப்பில் படத்தின் பெயரை ஒரு வரியில் எழுதிவிட்டால், ஜாவா இயந்திரம் எழுந்திருக்கும் முன்பே அதைத் தொடங்கிவைக்கிற சின்ன நிரல் படத்தைக் காட்டிவிடும். மைக்ரோசாஃப்டும் 2008-இல் டாட்நெட் 3.5-இன் சர்வீஸ் பேக்கில் டபிள்யூபிஎஃப் என்ற திரை வடிவமைப்பு முறைக்கு இதே மாதிரி ஒன்று கொடுத்தது. படக் கோப்பைத் தேர்ந்தெடுத்து அதன் வகையை 'ஸ்பிளாஷ் ஸ்கிரீன்' என்று மாற்றினால் போதும், ஒரு வரி நிரல் எழுத வேண்டாம்.

இப்போது உங்கள் குறிப்பில் ஒரு பகுதி நியாயம் இருக்கும் இடத்துக்கு வருகிறேன். எங்கள் தொழிலில் சிலர் படத்தை வேண்டுமென்றே நிறுத்திவைக்கிறார்கள். வேலை முடிந்த பிறகும், கம்பெனி பெயரும் போன் நம்பரும் மனதில் பதியட்டும் என்று மூன்று செகண்டு தூங்கும்படி நிரலில் எழுதிவைப்பார்கள். வேண்டுமென்றே செய்யாதவர்களும் மாட்டிக்கொள்வதுண்டு. விபி டாட்நெட்டில் ஸ்பிளாஷ் திரை குறைந்தபட்சம் 2000 மில்லி செகண்டு நிற்க வேண்டும் என்பது, நாம் மாற்றாதவரை, முன்கூட்டியே வைக்கப்பட்டிருக்கிறது. சுழலும் தட்டு இல்லாத, வேகமான எஸ்எஸ்டி போட்ட கம்ப்யூட்டரில் அரை செகண்டில் திறக்கத் தயாரான புரோகிராமும் மரியாதைக்காக இரண்டு செகண்டு வாசலில் நிற்கும். அந்த எண்ணைக் குறைத்து எழுதலாம் என்பது நிறையப் பேருக்குத் தெரியாது. இந்த மாதிரி இடங்களில் படத்தைத் திட்டுங்கள், நானும் கூடச் சேர்ந்துகொள்கிறேன்.

ஆனால் நம் ஊரில் இதற்கும் ஒரு மறுபக்கம் உண்டு. கடைக்காரர்கள் கேட்கிற ஸ்பிளாஷ் படம் பெரும்பாலும் சாமி படம். ஜவுளிக்கடை என்றால் மகாலட்சுமி, மண்டி என்றால் அநேகமாக முருகன். ஒரு மஞ்சள் மண்டியில் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டுக்கொடுத்தோம். மறுநாள் காலை மண்டிக்காரர் போன்: "ஏனுங்க, முருகன் வந்ததும் போயிடறாருங்க. கும்புடக்கூட நேரமில்லீங்க. கொஞ்ச நேரம் நிக்க வெச்சுருங்க." சிரித்துவிட்டுப் போகிற விஷயம் இல்லை. காலையில் கல்லாவில் உட்கார்ந்ததும் அவருக்கு அது ஒரு சடங்கு. அதற்காகப் புரோகிராமைத் தூங்க வைக்கவும் எனக்கு மனம் வரவில்லை. பாஸ்வேர்டு கேட்கும் திரைக்குப் பின்னணியில் முருகனைப் போட்டேன். அவர் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் கும்பிட்டுக்கொள்ளலாம், பாஸ்வேர்டைத் தட்டினால் உடனே திறக்கும். பக்கத்து மண்டிக்காரரும் பார்த்துவிட்டு அதே மாதிரி வேண்டும் என்றார்.

நல்ல ஸ்பிளாஷ் திரை என்ன செய்யும் என்றால், இப்போது என்ன வேலை நடக்கிறது என்று உள்ளதை உள்ளபடி எழுதிக் காட்டும். இதற்குச் சிறந்த உதாரணம் ஒரு பழைய அவப்பெயர்தான். 2003-இல் வந்த அடோபி ரீடர் 6 திறப்பதற்குப் படுத்திய பாடு அக்காலத்தில் கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்களுக்கு நினைவிருக்கும். ஒரு பிடிஎஃப்பைத் திறந்துவிட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம். ஆனால் அதன் தொடக்கத் திரையில், ஏறுகிற ஒவ்வொரு பிளக்-இன் (கூடுதல் வசதிக்கான துணை நிரல்) பெயரும் ஓடிக்கொண்டே இருக்கும். அதைப் பார்த்துத்தான் குற்றவாளி யார் என்று மக்கள் கண்டுபிடித்தார்கள். பிளக்-இன் ஃபோல்டரிலிருந்து வேண்டாதவற்றைத் தூக்கி வேறு ஃபோல்டரில் வைத்தால் ரீடர் மளமளவென்று திறக்கும் என்ற வைத்தியம் ஊரெல்லாம் பரவியது. உங்கள் குறிப்பின்படி அந்தப் படத்தை எடுத்திருந்தால் அந்த வைத்தியமே கிடைத்திருக்காது.

எங்கள் தெருவில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் டிடிபி கடைக்காரருக்கும் இதே கதைதான். அவர் படம் திருத்த ஜிம்ப் என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்துகிறார். அதன் தொடக்கத் திரை எழுத்துருக்கள் என்ற வரிக்கு வந்ததும், 'இதற்குக் கொஞ்ச நேரமாகலாம்' என்று தானே ஒப்புக்கொள்ளும். அவர் கம்ப்யூட்டரில் அந்த வரியில் நின்றது நின்றதுதான். கம்ப்யூட்டரை விற்றுவிடலாமா என்று கேட்டார். வேண்டாம், ஃபான்ட்ஸ் ஃபோல்டரைத் திறங்கள் என்றேன். பாமினி, டாம், டாப் என்று தமிழ் எழுத்தைக் கம்ப்யூட்டரில் பதியும் ஒவ்வொரு முறைக்கும் தனித்தனியாக, வாடிக்கையாளர்கள் பென் டிரைவில் கொண்டுவந்தது, சிடியில் வாங்கியது எல்லாம் சேர்ந்து ஆயிரக்கணக்கில் கிடந்தது. ஒரே எழுத்துரு நாலு பெயரில் இருந்தது. அன்றாடம் பயன்படுத்துவதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வேறு ஃபோல்டருக்கு மாற்றினோம். இப்போது அவர் படத்தைப் பற்றிப் பேசுவதே இல்லை.

போட்டோஷாப்பும் இப்படித்தான் தான் செய்வதை வரிவரியாகச் சொல்லும். அதன் தொடக்கத் திரையில் இன்னொரு விசேஷம், அதை எழுதியவர்களின் பெயர்கள். அந்த வரிசையில் சீதாராமன் நாராயணன் என்ற பெயரைப் பார்க்காத ஸ்டூடியோக்காரர் நம் ஊரில் இருக்க முடியாது. தினமும் போட்டோஷாப் ஏறக் காத்திருந்த உலகம் முழுக்க உள்ள ஆட்கள் அந்தப் பெயரைப் படித்துப் படித்து, அவருக்கு இணையத்தில் ரசிகர் பக்கமே வைத்தார்கள். ஒரு புரோகிராமருக்கு ரசிகர் மன்றம்! எங்களுக்கெல்லாம் வாடிக்கையாளரின் திட்டுதான் மிச்சம்.

ஆசிரியர் அவர்களே, என் வேண்டுகோள் சின்னதுதான். அடுத்த கணினிப் பக்கத்தில் அந்த ஒரு குறிப்பை மட்டும் திருத்தி வெளியிடுங்கள். படத்தை நிறுத்தச் சொல்வதற்குப் பதில், படம் எந்த வரியில் நிற்கிறது என்று பார்த்து எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். பழுது பார்க்க வருபவரிடம் "ஸ்லோவா இருக்குங்க" என்பதை விட "பிரின்டர்னு வந்து நின்னுக்குதுங்க" என்று சொன்னால், போனிலேயே பாதி வேலை முடியும். பெரும்பாலும் நெட்வொர்க் பிரின்டர் அணைந்திருக்கும், அல்லது எப்போதோ விற்றுவிட்ட பிரின்டர் இன்னும் டீஃபால்டாக இருக்கும். படத்தில் வரியே வராத புரோகிராமாக இருந்தால், எழுதிக்கொடுத்தவரைக் கூப்பிட்டு வரி போடச் சொல்லுங்கள். காசு கொடுத்து வாங்கியிருக்கிறீர்கள், கேட்கலாம். அப்படியே ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடும் யோசனையை முதல் குறிப்பாக மேலே ஏற்றிவிடுங்கள். அதைக் கடைசியில் போட்டிருந்தீர்கள்.

இப்படிக்கு,
பில்லிங் புரோகிராம் எழுதும் வாசகர் ஒருவர்,
ஈரோடு.